நாலாம் தறியின் பல்லவி

எங்கள் ஊமத்தங்கரட்டில் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு விசைத்தறிகள் இருப்பதாகச் சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, பகல் ஷிப்டு ஆட்கள் வந்து ராத்திரி ஷிப்டு ஆட்களிடமிருந்து தறிகளை வாங்கிக்கொண்ட நேரத்தில், அத்தனை தறியும் ஒன்றாகச் சேர்ந்து பாட ஆரம்பித்தன. வார்த்தை கிடையாது, வாய் கிடையாது, தடக்குத் தடக்கென்று எந்நேரமும் எங்கள் காதை அடைத்துக்கொண்டிருந்த அதே இரும்புச் சத்தம்தான், ஆனால் அன்றைக்கு அது ஒரு வரியாகக் கிளம்பி, வளைந்து, கொஞ்சம் தயங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, மறுபடியும் அதே வரியாகக் கிளம்பிற்று. நாங்கள் கையை நிறுத்தி ஒரு நிமிஷம் கேட்டோம். அப்புறம் நூல் அறுந்துவிடுமே என்று வேலையைப் பார்த்தோம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் பேர் அங்காத்தாள், தறி ஓட்டுகிற பாவாயி வீட்டுக்கு எதிர்வீடு. தார் சுற்றுவது என் பிழைப்பு. அதாவது, தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பேன். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கு எதிர்வீட்டு நாயம், நடப்பு அத்தனையும் தெரிந்துதான் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது.

எங்கள் ஊரில் வாயால் பேசுவது குறைவு. பேசினாலும் கத்தித்தான் பேசுவோம், கல்யாண வீட்டில் நாங்கள் நலம் விசாரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சண்டை என்று நினைத்துப் பந்தியிலிருந்து எழுந்து வந்ததுண்டு. தறிக்கூடத்துக்குள்ளே எல்லாம் கைதான். உள்ளங்கையைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினால், டீ வந்தாச்சு. இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்தால், நூல் அறுந்துபோச்சு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகினால், பிணைச்சாச்சு, நீ உன் வேலையைப் பாரு. நாலு விரலையும் உள்ளே உள்ளே மடக்கினால், வா. பாவாயியும் அவள் ஒரே மகள் மைனாவதியும் வீட்டோடு சேர்ந்த சின்னக் கூடத்தில் நாலு தறி போட்டிருந்தார்கள். அந்த நாலு தறிக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, ஆனால் அவர்கள் கைகள் ஓயாமல் வம்பளந்துகொண்டே இருக்கும், சில சமயம் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டு கையாலேயே சிரிப்பார்கள்.

பாட்டு தொடங்கிய அந்தப் புதன்கிழமை உச்சிப்பொழுதில், சுவரோரம் இருக்கிற நாலாம் தறியை மைனாவதி நிறுத்தினாள். அறுந்திருந்த ஒரு இழையைப் பிணைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி வெளியே போனாள். நூல் லாரி ஓட்ட வந்திருந்த தெக்கத்திப் பையன் துரைப்பாண்டி ஊரையொட்டிய கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் லாரியை நிறுத்திக் காத்திருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் பாவாயி நாலாம் தறியின் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "சேலத்துல என்ற தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கறா" என்று கத்திச் சொன்னாள். விஷயம் ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருக்கவும் ஊருக்கே தெரியும்.

தறி நின்ற அதே உச்சிப்பொழுதில் பாட்டும் மாறியது. இரண்டு நாள் அது மேலே மேலே ஏறிப் போனது, கரட்டின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பது போல. மூன்றாம் நாள் இறங்கி வந்து, அகலக் கால் வைத்து, எங்கெங்கோ சுற்றி நடக்க ஆரம்பித்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களில் ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை.

விசைத்தறி உரிமையாளர் சங்கம் கூடியது. தலைவர் முத்துவேலப்பன் எழுந்து, உற்பத்தி குறையாத பட்சத்தில் பாட்டு விஷயத்தில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் வாசித்தார், எல்லாரும் கையைத் தூக்கினார்கள். வெளியூர் ஆட்கள் வேன் பிடித்து வந்து போனில் பதிவு செய்துகொண்டு போனார்கள், தங்கள் ஊரில் போய்ப் போட்டுக் கேட்டால் வெறும் தடக்குத் தடக்குதான் வந்ததாம், எங்களைத் திட்டிக்கொண்டே அழித்தார்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அந்த நடைக்கு ஒப்பித்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளைக்குக்கூட வந்தது. பாட்டு தொடங்கிய நாளிலிருந்து ஊரில் கரண்டு ஒரு கணம் போகவில்லை, மாதம் தவறாமல் போகிற அந்த ஒரு நாளும் போகவில்லை. ஆயுத பூஜைக்குத் தறியை நிறுத்தக் கூட யாருக்கும் மனசு வரவில்லை, நிறுத்தினால் பாட்டு செத்துப்போகும் என்று பயம், அதனால் பூசாரி ஓடுகிற தறியின் மேலேயே கை நசுங்காமல் பார்த்துப் பார்த்துச் சந்தனம் வைத்தார்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது சாயங்காலம் ஆறு மணி.

தினமும் ஆறு மணிக்கு, பகல் முழுக்க ஊர் சுற்றிய பாட்டு தன் இழைகளையெல்லாம் வாரிக் கூட்டிக்கொண்டு ஒரு இடத்துக்கு ஏறி வரும். ஏறி வந்து, யார் வீட்டு வாசலிலோ நிற்கிற மாதிரி, ஒரு மூச்சு நேரம் நிற்கும். குழாயடியில் குடத்தைத் தூக்கிய பெண்கள் தூக்கினபடி நிற்பார்கள். சவரக் கடையில் கத்தி கன்னத்தில் நிற்கும். வரப்போகிறது, அந்த முதல் நாள் வந்த வரி இதோ வரப்போகிறது என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். வராது. பாட்டு திரும்பிக்கொண்டு வேறு ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடும். ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு விடுவோம், அந்தக் காற்றில் டீக்கடை அடுப்பு அணைந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படி நாலு மாதம் ஆனபோது ஊரில் எதுவுமே முடியாமல் போயிற்று. டீ குடிக்கிறவர்கள் கடைசி வாயைக் கிளாஸிலேயே விட்டார்கள். கோலம் போட்டவர்கள் கடைசி இழையைச் சேர்க்காமல் உள்ளே போனார்கள். என் மாமனார் அர்த்தநாரி படுத்த படுக்கையாகி, பால் ஊற்றி, உறவெல்லாம் வந்து அழுது முடித்து, மூன்று தடவை ஊருக்குத் திரும்பியும் போயாகிவிட்டது, மனுஷன் போகிறபாடில்லை. "அந்த மொத வரியக் கேட்டுட்டுப் போறேன் அம்மிணி" என்பார். எனக்குக் கோபம் வந்து, "அதுக்குள்ள நான் போயிருவேன் மாமா" என்பேன். பாவம், அவர் மேல் எனக்கு என்ன கோபம். எனக்கும் அந்த வரி வேண்டியிருந்தது.

கடைசியில் சங்கத்துக்காரர்கள் ஈரோட்டிலிருந்து வனமாலினி என்கிற பாட்டு டீச்சரைக் காரில் கூட்டி வந்தார்கள். ஒல்லியான அம்மா, கையில் ஒரு நோட்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காதைப் பொத்தாமல், தொடையில் தட்டிக்கொண்டே பகல் முழுக்கக் கேட்டார். ஆறு மணியையும் கேட்டார். பாட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பியதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எங்களைச் சுற்றி நிற்கவைத்து, ஆடியிலிருந்து பாட்டு எப்படியெல்லாம் மாறியது என்று கேட்டுக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திப் பாடம் சொன்னார்.

"மொதல்ல வர்ற வரி பல்லவி. அதுதான் வீடு. அப்புறம் மேல ஏறுச்சுன்னீங்களே, அது அனுபல்லவி, பல்லவி சொன்னதையே கொஞ்சம் உசரத்துல நின்னு சொல்றது. அப்புறம் எறங்கி வந்து ஊரெல்லாம் நடக்குறது சரணம். ஒரு சரணமும் இருக்கலாம், ஒம்பது சரணமும் இருக்கலாம். ஆனா எங்க போனாலும் கடைசியில பல்லவிக்கு வந்தாகணும். வந்தாத்தான் பாட்டு முடியும். உங்க பாட்டு சரணம் சரணமாப் போயிட்டே இருக்குது, வீட்டுக்கு வரல."

லுங்கி நெய்கிற ஒருவர், "அப்ப பல்லவிங்கறது கரை மாதிரிங்களா டீச்சர்? இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் அதே கரை, நடுவால கட்டம்?" என்றார்.

டீச்சர் யோசித்தார். "கிட்டத்தட்ட. ஆனா ஒண்ணுங்க, திரும்பி வர்ற பல்லவி அதே வரிதான், அதே பல்லவி இல்ல. போயிட்டு வந்திருக்குதில்லைங்களா?" என்றார். எங்களுக்கு அது புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினோம்.

"எங்க, அந்தப் பல்லவிய யாராவது சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று நோட்டைத் திறந்தார். அப்போதுதான் தெரிந்தது, ஊரில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்லை. ஆளுக்கொரு விதமாக முனகிக் காட்டினோம். முத்துவேலப்பன் முனகியது சாமி ஊர்வலத்துப் பாட்டு என்று அவர் சம்சாரமே சொல்லிவிட்டது. இனிப்பாக இருந்தது என்பது ஞாபகம் இருந்தது, எது இனித்தது என்பது இல்லை. அன்றைக்கு அரை நாள் அது எங்கள் காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் ஒரு நிமிஷம்தான் கையை நிறுத்தினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

காரில் ஏறும்போது டீச்சர், "ஏதோ ஒண்ணு குறையுதுங்க. மொத நாள் இருந்தது ஒண்ணு இப்ப இல்ல" என்றார்.

தறிக்காரர்களிடம் ஒன்று குறைகிறது என்றால் என்ன நினைப்போம்? தறி என்றுதான் நினைப்போம். சங்கம் தெருத்தெருவாகத் தறியை எண்ணியது. பழைய இரும்புக்குப் போட்ட தறி ஒன்றைக் காயலான் கடையிலிருந்து மீட்டு, மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுவந்து, கோயில் மைதானத்தில் நிறுத்தி ஓட்டினார்கள். அது தடக்குத் தடக்கென்று ஓடியது, பாட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மறுநாளே அது காயலான் கடைக்குத் திரும்பிப் போனது. எண்ண வந்தவர்கள் பாவாயி கூடத்திலும் எட்டிப் பார்த்து, சேலை போர்த்திய நாலாம் தறியையும் சேர்த்து, "நாலு இருக்குது" என்று எழுதிக்கொண்டு போனார்கள். நிற்கிற தறியா ஓடுகிற தறியா என்று கேட்க வாய் வரவில்லை, கேட்டால் சேலத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் எனக்குச் சுற்றுவதற்கு நூல் தீர்ந்து, நான் வெறுமனே ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி, பாட்டு வாசலில் வந்து நிற்கிறது, எதிரே பாவாயியின் கூடத்துக்குள் செல்போன் வெளிச்சம் எரிகிறது. பாவாயி ஓடிப் போய் எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. தறி மறைத்து, போன் பிடித்த பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அப்படியே நின்றாள். வெளிச்சம் அணைந்தது. பாட்டு திரும்பிக்கொண்டது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் அவளைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். "ஏண்டி பாவாயி, உனக்கு நெஞ்சா கல்லா? பெத்த புள்ள தெனமும் போன் பண்ணுது, அதைக் காதுல வெச்சுக்கிட்டு ஊமையாட்டம் நிக்கறயே? அவ்வளவு வீறாப்பு எதுக்குடி?"

பாவாயி என்னைப் பார்த்து, அந்தச் சத்தத்திலும் எனக்கு மட்டும் கேட்கும்படி காதோரம் வந்து சொன்னாள். "வீறாப்பு இல்லீங்கக்கா. எனக்குப் பேசத் தெரியல."

"என்னது?"

"கத்துனாத்தான் என்ற கொரலு வெளிய வருதுங்கக்கா. கத்துனா வையறாப்பல இருக்கும், புள்ள பயந்துக்கும். மெல்லப் பேசுனா தறிதான் பேசுது, நான் பேசறது எனக்கே கேக்கறதில்ல. அதான் கையால கூப்புடறேன். ஆடியிலிருந்து தெனமும் கூப்புடறேன்." நாலு விரலையும் உள்ளே உள்ளே மடக்கிக் காட்டினாள். வா, வா, வா.

நான் அந்தக் கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் தினம் ஆறு மணிக்கு இவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண் தென்காசிப் பக்கம் எங்கேயோ நின்றுகொண்டு தறிச் சத்தத்தை மட்டும் கேட்டு, அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று வைத்துவிட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் பிறந்தவர்களைத் தவிர இப்படி ஒரு தப்பை யார் செய்ய முடியும்? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, நான் அழுதேன்.

"வெளியூர் போய்ப் பேசுடி" என்றேன்.

"ஆறு மணிக்கு நான் இங்க இல்லீன்னா மத்த மூணு தறிய யாருங்கக்கா பாக்கறது? அதுவுமில்லாம அவ தறிச் சத்தம் கேக்கத்தான் கூப்புடறாளோ என்னமோ. சத்தத்தை விட்டுட்டு நான் எங்க போறது?" என்றாள். பிடிவாதக்காரி. மகளும் அப்படித்தான்.

நான் சங்கத்துக்குப் போனேன். பொம்பளை சங்கத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை, அதனால் யாருக்கும் என்னைத் தடுக்கத் தெரியவில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு ஊரில் இருக்கிற எல்லாத் தறியையும் ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும் என்றேன். என் மேல் பாயாத ஆள் பாக்கியில்லை. முத்துவேலப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நிறுத்துனா பாட்டு போயிருச்சுன்னா? நீ திருப்பித் தருவியா அங்காத்தா?"

"போனாப் போகட்டும்ங்க. ஆறு மாசமா வாசல்லயே நின்னு நின்னு திரும்பிப் போற பாட்டு இருந்தா என்ன, போனா என்ன? என்ற மாமனார் சாகவும் முடியாம கெடக்கறாரு."

அப்போது வாசலில் பாவாயி வந்து நின்றாள். தலை குனிந்துதான் நின்றாள், ஆனால் கத்தினாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "சேலம் இல்லைங்க. புள்ள சேலத்துல இல்ல. தெக்கத்திப் பையனோட போயிட்டா. அவ ஓட்டுன நாலாந் தறி ஆடியிலிருந்து ஓடல."

முத்துவேலப்பனே, அவருக்குத் தெரிந்த அளவு மெதுவாக, "தெரியும் பாவாயி" என்றார். பிறகு கையைத் தூக்கினார். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் தூக்கினார்கள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பாட்டு ஏறி வந்து வாசலில் நின்றபோது, ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு தறிகளையும் நாங்கள் நிறுத்தினோம்.

அந்த அமைதியைப் பற்றி என்ன சொல்ல. நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின. ஐப்பசியில் பிறந்த குழந்தைகள் அமைதி என்றால் என்னவென்றே தெரியாமல் பயந்து அலறின, தாய்மார்கள் வாயைப் பொத்தி மார்போடு அணைத்தார்கள். கோயில் அரசமரத்துக்கு இலைச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டு வெட்கப்பட்டு நின்றார்கள். அப்போது பாவாயியின் போன் அடித்தது. கடைசித் தெரு வரைக்கும் கேட்டது.

பாவாயி எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வலது கை, சொன்னால் கேட்குமா, தானாக மேலே எழுந்து விரலை மடக்கப் போனது. பக்கத்தில் நின்ற நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து என் மடியோடு அழுத்திக்கொண்டேன்.

"வாயால சொல்லுடி" என்றேன்.

அதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் பதறிக்கொண்டு வந்தது, ஊர் மொத்தமும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. "அம்மா? அம்மா, தறிச் சத்தம் கேக்கலியே! என்னாச்சும்மா? உனக்கு என்னாச்சு?"

நான் பாவாயியிடம் ஒரு நாளும் கேட்டிராத ஒரு குரல் வந்தது, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி, உடைந்து உடைந்து. "ஒண்ணும் ஆகல கண்ணு. உன்கூடப் பேசத்தான் ஊரே நிறுத்தியிருக்குது. உன்ற தறி அப்படியே இருக்குது. நீ பிணைச்சுட்டுப் போன இழை அறுகாம இருக்குது. வா மைனா."

"நீ கோவமா இருக்கறயின்னு நினைச்சேன். பேசவே இல்லியேம்மா நீ."

"கையக் காட்டித் தெனமும் கூப்புட்டனே சாமி."

"போன்ல கையக் காட்டுனா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அந்தப் பெண் சிரித்தது, சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதது. தெருவில் நின்ற முத்துவேலப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் முடிந்து தறிகளை ஓட்டினோம். தடக்குத் தடக்கு. அவ்வளவுதான். பாட்டு இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தோம், வெறும் இரும்புச் சத்தம். அந்த ராத்திரி முழுக்க ஊர் என்னைத் திட்டியது. என்னென்ன சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னவர்களோடு இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன். மாமனார் மட்டும் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் பதினொன்றே முக்கால் பஸ்ஸில் மைனாவதி வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், வயிறு மட்டும் லேசாகத் தெரிந்தது. துரைப்பாண்டி இறங்கி பஸ் நிழற்குடையிலேயே நின்றுவிட்டான், உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாவாயி கூடத்துக்குள் மூன்று தறிக்கு நடுவே நின்றாள். மகள் வாசலில் நின்றாள். பாவாயி மகள் வயிற்றைப் பார்த்தாள், விரலால் எத்தனை மாதம் என்று கேட்டாள், மகள் மூன்று விரல் காட்டினாள். பாவாயி போய் நாலாம் தறியின் மேலிருந்த சேலையை எடுத்தாள். அரைத் துண்டு நெய்தபடி இருந்தது, நெய்த விளிம்பில் மட்டும் ஒரு கோடாகத் தூசி. மைனாவதி வாயால் ஊதினாள், இழைகளை விரலால் தடவிப் பார்த்தாள், உச்சிப்பொழுதில் நிறுத்திய தறியை உச்சிப்பொழுதில் ஓட்டினாள்.

பல்லவி வந்தது.

நாலாம் தறியிலிருந்து எழுந்து, பாவாயியின் மூன்று தறிக்குத் தாவி, தெருத்தெருவாகப் பற்றிக்கொண்டு, ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு தறியும் அந்த ஒரே வரியாக ஆயின. கேட்டவுடன் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, இதைப் போய் எப்படி மறந்தோம் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதே வரிதான், ஒரு தட்டுக் கூட மாறவில்லை. ஆனால் ஆடியில் அதைக் கேட்டபோது எங்களுக்கு எங்கேயோ புறப்படுகிற மாதிரி இருந்தது, இப்போது கேட்டபோது இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. டீச்சர் சொன்னது எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. இந்தத் தடவை நாங்கள் கையை நிறுத்தினோம், அறுகிற நூல் அறுந்து தொலையட்டும் என்று நின்று கேட்டோம். டீக்கடையில் எல்லாரும் கிளாஸைக் கவிழ்த்துக் கடைசி வாயைக் குடித்தார்கள். மாமனார் காபி கேட்டார், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார், "இதான் அம்மிணி, இதேதான்" என்றார், மூன்றாம் முறை வரி திரும்புவதற்குள் போய்விட்டார். அவருக்காக நான் அழுதது அப்போதுதான், அதுவரைக்கும் வராத அழுகை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு வாசலுக்கு வந்து, நின்று, உள்ளே போய், முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் தறிகள் பாடவில்லை. இனிப் பாடுமோ பாடாதோ, எனக்குத் தெரியாது. இப்போதும் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் ஊரில் தறி ஓடக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் இருக்கிறது, அந்த ஐந்து நிமிஷத்தில் பாவாயி மகளோடு பேசுவாள், எங்களில் வெளியூரில் பிள்ளையை வைத்திருக்கிற மற்றவர்களும் பேசுவார்கள். கடைசி ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டோம். எதற்கென்று ஒருத்தரும் சொல்வதில்லை, அந்த வரி வருமா என்றுதான் பார்ப்போம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு பஸ் ஏற்றியதை. மைனாவதி தங்க வரவில்லை, பல்லவி வரைக்கும்தான் வந்திருந்தாள். ஆறேகால் பஸ், மாமனாரை எடுத்தாகிவிட்டது, நானும் கூடப் போயிருந்தேன். பாவாயி நிழற்குடை வரைக்கும் நடந்து வந்து, துரைப்பாண்டியின் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள், நாலாம் தறியில் அன்றைக்கு நெய்து முடித்து அறுத்த துண்டு. அவன் அதைத் தலையில் கட்டுவதா தோளில் போடுவதா என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. பாட்டு போன ஊர்த் தறிகளும் பின்னால் தடக்குத் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன, கத்தினாலும் கேட்காது. பாவாயி வாயைத் திறந்தாள், மூடினாள். கையைத் தூக்கி இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்துக் காட்டினாள்.

அறுந்துபோச்சு.

ஜன்னல் வழியாக மைனாவதியின் கை வெளியே வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகினாள். பஸ் கரட்டு வளைவில் திரும்புகிற வரைக்கும் அந்தக் கை உள்ளே போகவில்லை, விரல் இரண்டும் சேர்ந்தபடியே இருந்தன.

பாவாயி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வேலையைப் பார்க்கப் போனாள்.